மூழ்கிய அறைகளும் அறை இல்லாதவர்களும்

சமீப காலமாக நம் கவிதைகளில் மூழ்கிய வீடுகள் பெருகிவிட்டன. அணைக்குள் போன ஊர், கடல் கொண்ட ஊர், நீருக்கடியில் இன்னும் அணையாத விளக்கு, நீருக்கடியில் இன்னும் காத்திருக்கும் பாட்டி. மேட்டூரில் நீர்மட்டம் இறங்கி, பண்ணவாடியில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரங்களும் தலைகாட்டினால் போதும். தினசரிகளில் புகைப்படம் வருவதற்கும் சிறுபத்திரிகைகளுக்குக் கவிதை வந்து சேர்வதற்கும் இடையில் அதிக நாள் ஆவதில்லை. இக்கவிதைகளை ஒருசேரப் படித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. இவர்களில் யாரும் அந்த வீட்டுக்குள் போகவில்லை. கரையில் நின்றபடியே உள்ளே இருப்பதையெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பிறகு தண்ணீர் எதற்கு, மூழ்குவது எதற்கு?

உண்மையாகவே உள்ளே போய்ப் பார்த்த ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு இதை யோசிக்கலாம் என்று படுகிறது. ஜேம்ஸ் கேமரூன் 2003-ல் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ் ஆஃப் த அபிஸ்' என்ற விவரணப் படத்தைச் சொல்கிறேன். கதைப் படமாக அவர் எடுத்த 'டைட்டானிக்'கை (1997) எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். இதை நான் பார்த்தது கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில், ஒரு நண்பர் வீட்டில். அவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், கவிதை எழுதுகிறவர். வீட்டில் தெலுங்கு, வேலையில் கன்னடமும் தமிழும், எழுதுவது தமிழில். மேலே சொன்ன மூழ்கிய வீட்டுக் கவிதைகளில் ஒன்று அவருடையது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1912 ஏப்ரல் 15 அதிகாலையில் டைட்டானிக் மூழ்கியது. அது கிடக்கும் இடம் 1985 செப்டம்பர் 1 அன்றுதான் தெரியவந்தது. ஆழம் சுமார் 3,800 மீட்டர். கப்பல் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பின்பகுதி உருத்தெரியாத இரும்புக் குவியல். அதற்குள் காற்று அடைபட்டிருந்ததால் இறங்கும்போது நீரின் அழுத்தம் அதை நொறுக்கிவிட்டது. முன்பகுதி மேலே இருந்தபோதே நீர் நிறைந்து இறங்கியது. ஆகவே அதற்குள் இன்றும் அறைகள் இருக்கின்றன. எது முதலில் நிரம்பியதோ அது தங்கியது. எது கடைசிவரை காற்றைப் பிடித்து வைத்திருந்ததோ அது சிதறியது. இதைக் குறியீடாக்க எனக்கும் கை துறுதுறுக்கிறது. வேண்டாம், அது பௌதிகம். பௌதிகமாகவே இருக்கட்டும்.

2001-ல் கேமரூன் குழு இரண்டு ரஷ்ய நீர்மூழ்கிக் கலங்களில் இறங்கியது. அறைகளுக்குள் போனவை அந்தக் கலங்களல்ல. ஜேக், எல்வுட் என்று பெயரிடப்பட்ட இரண்டு சிறிய இயந்திரங்கள். தலைமயிர் போல மெல்லிய ஒரு கண்ணாடியிழை மட்டுமே அவற்றை வெளியே இருக்கிற மனிதனோடு இணைக்கிறது. அந்த இழையைத் தம் வயிற்றிலிருந்தே சிலந்தி மாதிரி விட்டுக்கொண்டு அவை உள்ளே போகின்றன.

போகும் வழியைக் கவனிக்க வேண்டும். அந்தக் கப்பலில் எல்லோரும் அறிந்த இடம் முதல் வகுப்பின் பெரிய படிக்கட்டு. அது இப்போது இல்லை. இருந்த இடத்தில் தளம் தளமாகக் கீழே இறங்கும் ஒரு கிணறுதான் இருக்கிறது. மரப் படிக்கட்டு பெயர்ந்து மிதந்து போயிருக்கும் என்பது கேமரூனின் அனுமானம். 1997 படத்துக்காகக் கட்டிய படிக்கட்டும், அரங்கில் தண்ணீரைத் திறந்துவிட்டபோது அப்படித்தான் பெயர்ந்ததாம். 1986-ல் முதல் இயந்திரம் உள்ளே போனதும் இந்தக் கிணற்றின் வழியாகத்தான், ஜேக்கும் எல்வுட்டும் போனதும் இதன் வழியாகத்தான். படிக்கட்டு அப்படியே இருந்திருந்தால் இந்த வழி இருந்திருக்காது. புகழ்பெற்ற பொருள் இல்லாமல் போனதால்தான் புகழில்லாத பொருள்களிடம் போக முடிந்திருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது? 'டி' தளத்து வரவேற்புக் கூடத்தில் ஈயச் சட்டமிட்ட கண்ணாடி ஜன்னல்கள் உடையாமல் நிற்கின்றன. ஸ்ட்ராஸ் தம்பதிகள் தங்கிய அறையில் கணப்பு மாடத்தின் மேல் கடிகாரம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. படகில் ஏற மறுத்துக் கணவனோடு தங்கிவிட்ட ஐடா ஸ்ட்ராஸின் அறை அது. 2005-ல் மறுபடி போனபோது, கப்பலின் உட்பாகத்தில் துருக்கிக் குளியலறையைக் கண்டுபிடித்தார்கள். ஓடுகளின் நிறம்கூட மங்கவில்லை. தேக்கு வேலைப்பாடும் மிஞ்சியிருக்கிறது. வெளித்தளத்து மரத்தைக் கடல் புழுக்கள் தின்றுவிட்டன. உள்ளே புகப் புக நீரோட்டம் குறைவு, பிராணவாயு குறைவு. ஆகவே தின்கிற ஜீவன்களும் குறைவு. இரும்பையோ நுண்ணுயிர்கள் தின்றுகொண்டிருக்கின்றன. அங்கே எடுத்த துருவிலிருந்து பிரித்தறிந்த ஒரு பாக்டீரியாவுக்கு 2010-ல் கப்பலின் பெயரையே சூட்டினார்கள். மனித எலும்பு அந்த ஆழத்து நீரில் கரைந்துவிடும். பதனிட்ட தோலை எதுவும் தின்பதில்லை. ஆகவே கடல்தரையில் ஓர் உடல் கிடந்த இடத்தில் ஒரு ஜோடி ஷூ மட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறது.

எது தங்கும் எது தங்காது என்பதை நம் உணர்ச்சி நிர்ணயிப்பதில்லை என்பதைத்தான் இந்த அறைகள் சொல்கின்றன. பாசம் தங்கவில்லை, குளியலறை ஓடு தங்கியிருக்கிறது. நம் கவிஞர்களின் மூழ்கிய வீட்டிலோ கவிஞருக்கு வேண்டியது மட்டும் தங்குகிறது; வேண்டாதது எதுவும் தங்குவதில்லை. ஓர் ஓடுகூட.

படத்துக்கு வருகிறேன். இயந்திரம் ஓர் அறையின் வாசலில் தயங்கி, தன் விளக்கின் சிறிய வட்டத்துக்குள் ஒவ்வொரு பொருளாக நமக்குக் காட்டும் வரை இது ஓர் அபூர்வமான படம். பிறகு கேமரூனுக்குத் தைரியம் போய்விடுகிறது. வெறும் அறை போதாது என்று தோன்றிவிடுகிறது. உடுப்பு அணிந்த நடிகர்களைத் தனியாகப் படம் பிடித்து, அந்தச் சிதைவின் மேல் ஆவிகள் மாதிரி படியவிடுகிறார். துருவேறிய தளத்தில் சீமாட்டிகள் நடக்கிறார்கள். படத்தின் தலைப்பே அதுதான், ஆகவே தவறி வந்த காரியமல்ல. ஆனால் ஆவிகள் வந்த நிமிஷமே அறை செத்துவிடுகிறது. அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்குக் காட்டுகிறார்கள். கடிகாரம் வைத்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு என்ன சொல்ல வேண்டும்? அதைத் துடைத்து வைத்த கையையும் கொண்டுவந்து நிறுத்தினால் என் கைக்கு என்ன வேலை?

எல்வுட் பழுதாகி உள்ளே மாட்டிக்கொண்டபோது அதை மீட்க ஜேக் போகிற கட்டம் படத்தில் நீளமாகவே வருகிறது. பார்க்கிறவன் பதறுகிறான். 1,500 பேர் இறந்த இடத்தில் ஓர் இயந்திரத்துக்காகப் பதறுகிறோமே என்று எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு யோசித்தபோது, படத்தில் பாவனை கலவாத பதற்றம் அது ஒன்றுதான் என்று தோன்றியது. எல்வுட் உண்மையாகவே உள்ளே போயிற்று. உண்மையாகவே திரும்பி வராமல் போயிருக்கலாம்.

நான் வங்கி குமாஸ்தா. என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். லாக்கர் வைத்திருந்தவர் இறந்துபோனால், வாரிசுகள் வந்து அதைத் திறக்கும்போது இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதற்குப் பட்டியல் எழுத வேண்டும். நான் எழுதியிருக்கிறேன். அதில் தங்கம் என்று எழுதக் கூடாது. மஞ்சள் நிற உலோக வளையல் இரண்டு என்றுதான் எழுத வேண்டும். உரைத்துப் பார்ப்பது நம் வேலை அல்ல. ஆகவே தங்கம் என்று சொல்ல நமக்குப் பாத்தியதை இல்லை. அழுதுகொண்டு நிற்கிற மகளுக்கு இது அவமானமாகக்கூட இருக்கும். ஒரு முறை ஒரு லாக்கரில் நகையே இல்லை. ஒரு மருந்துச் சீட்டும், நூல் சுற்றிய சாவி ஒன்றும், பழைய சினிமா டிக்கெட்டின் பாதியும் இருந்தன. அப்படியே எழுதினேன். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த எதிர்க்கடைக்காரர் பட்டியலைப் படித்துவிட்டு வெகுநேரம் பேனாவைத் திறக்கவில்லை.

நல்ல படிமம் என்று நான் நினைப்பது இந்த மஞ்சள் நிற உலோகத்தைத்தான். நம் மூழ்கிய வீட்டுக் கவிஞர்கள் எல்லாவற்றையும் தங்கம் என்று எழுதுகிறார்கள். முதலில் பட்டியல், பிறகு ஒப்பாரி. பட்டியலே இல்லாத ஒப்பாரி யார் வீட்டு வாசலிலும் வைக்கக்கூடிய ஒப்பாரி.

படம் முடிந்ததும் அணைப் பக்கம் போனோம். நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி வரும் தென்பெண்ணை முதலில் தேங்குகிற இடம் கெலவரப்பள்ளி. முழு மட்டம் 44.28 அடி. மதகு திறந்தால் நுரை பொங்கிக் கரையேறும். தூரத்திலிருந்து பார்க்க அழகாகக்கூட இருக்கும்; கிட்டே போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். நண்பரின் குடும்பத்துக்கு இந்த அணைக்குள் போன நிலத்தில் பங்கு உண்டு. அவர் கவிதையில் நீருக்கடியில் ஓடு வேய்ந்த ஒரு வீடு, திண்ணை, மாடத்தில் விளக்கு, வழக்கமான பாட்டி எல்லாம் இருந்தன.

"உங்க வீடு உள்ள போச்சா?" என்று கேட்டேன்.

"வீடு இல்ல சார். வீடு மேட்டுலதான் இருந்துச்சு. கெணறும் மோட்டார் ஷெட்டும் போச்சு."

"ஷெட்டுல என்ன இருந்தது?"

அவர் சிரித்தார். பிறகு சொன்னார். ஸ்டார்ட்டர் பெட்டி. ஃபியூஸ் கட்டை. கிரீஸ் டப்பா. சுவரில் ஓர் உரக்கடைக் காலண்டர். ஒரு மூலையில் அவருடைய அப்பா இரவில் முறைத் தண்ணீர் பாய்ச்சக் காத்திருக்கும்போது படுக்கிற கோணிப்பை. மோட்டாரைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். காலண்டரை யாரும் எடுக்கவில்லை. எந்த மாசம் கிழிக்காமல் இருந்தது என்று தனக்கு ஞாபகமில்லை என்று வருத்தப்பட்டார்.

"இதை ஏன் எழுதல?"

"இது கவிதையா சார்?"

இந்தக் கேள்வியை அவரைக் கேட்க வைத்தது யார்? நாம்தான். அவருக்கு இல்லாத திண்ணையை அவருக்குக் கொடுத்தது நம் பத்திரிகைகள். மூழ்குவதென்றால் ஓடு வேய்ந்த வீடுதான் மூழ்க வேண்டும் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தி வைத்திருக்கிறோம். மோட்டார் ஷெட் மூழ்கினால் அது நஷ்ட ஈட்டு விஷயம். அவருடைய அப்பாவின் கோணிப்பை கேமரூனின் துருக்கிக் குளியலறைக்கு எந்த விதத்தில் குறைவு என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் நண்பர் என்னைச் சும்மா விடவில்லை. "உங்க பட்டியல் சரிதான் சார். பட்டியல் போட ஒரு அறை வேணுமே. அறையே இல்லாதவன் மூழ்கினா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவருக்கு நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'திலாவா' என்று ஒரு கப்பல். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. 1942 நவம்பர் 20 அன்று பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது. மொம்பாஸா, மபூட்டோ, டர்பன் அதன் வழி. ஏறியவர்கள், சிப்பந்திகளையும் சேர்த்து, 958 பேர். நவம்பர் 23 அன்று ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் குண்டுவிட்டு அதை மூழ்கடித்தது. 280 பேர் இறந்தார்கள். அதே நீர்மூழ்கிதான் 1943 ஏப்ரலில் மடகாஸ்கர் அருகே ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து சுபாஷ் சந்திர போஸை ஏற்றிக்கொண்டது. அதனால் மூழ்கடித்த கலம் நம் சரித்திர ஞாபகத்தில் கொஞ்சம் இருக்கிறது. மூழ்கிய கலம் இல்லை.

திலாவாவைத் தேடியும் ஆட்கள் போனார்கள். 2017-ல், சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில். இயந்திரம் உள்ளே போயிற்று. எந்த அறைக்குள்? சரக்கு அறைக்குள். தென்னாப்பிரிக்க அரசுக்காக ஏற்றியிருந்த வெள்ளிப் பாளங்கள் அங்கே இருந்தன. மொத்தம் 2,364 பாளங்கள் மேலே வந்தன. எடுத்த கம்பெனிக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இங்கிலாந்துக் கோர்ட்டுகளில் வழக்கு நடந்தது. கடைசியில் 2024-ல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தென்னாப்பிரிக்காவின் பக்கம் தீர்ப்புச் சொல்லியது. வழக்கில் விவாதிக்கப்பட்ட கேள்வி விசித்திரமானது. 1942-ல் அந்த வெள்ளி கப்பலின் வயிற்றில் கிடந்தபோது அது வியாபார உபயோகத்தில் இருந்ததா, சும்மா இருந்ததா? கீழ்க் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை நீதிபதிகள் அந்த வெள்ளியின் ஸ்திதியை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். கடைசியில், கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்டது மட்டுமே வியாபார உபயோகம் ஆகாது என்று முடிவாயிற்று. ஒரு ஜடப்பொருளுக்கு இத்தனை கவனம் கிடைத்ததை நான் பரிகசிக்கவில்லை. என் பட்டியல் தர்மப்படி அது சரியான காரியம். ஆனால் அந்தத் தளத்தில் ஜமக்காளம் விரித்துப் படுத்திருந்தவர்களின் ஸ்திதியை ஆராய ஓர் அறை இல்லை.

ஏனென்றால் அவர்கள் டெக் பிரயாணிகள். படுக்கை ஒதுக்கப்படாத பிரயாணி என்பது கப்பல் சட்டத்தின் பாஷை. ஆளுக்கு இவ்வளவு இடம் என்று அளவு உண்டு. சுவர் கிடையாது, கதவு கிடையாது, எண் கிடையாது. டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்பில்கூடத் தடுத்த அறைகள் இருந்தன. ஆசிய, ஆப்பிரிக்க வழிகளில் ஓடிய கப்பல்களில்தான் மனிதர்களை விரிப்புக் கணக்கில் ஏற்றினார்கள். நம் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஓடிய 'ரஜூலா'வும் இந்த ஜாதிக் கப்பல்தான். 1926-ல் கட்டிய அது மூழ்கவில்லை, 1974-ல் உடைத்தார்கள்.

என் தாத்தாவும் பாட்டியும் ஐம்பதுகளில் ரஜூலாவின் டெக்கில் போய் வந்தவர்கள். பாட்டி சொல்லி நான் கேட்டது ஒன்றுதான். ஏறினவுடன் பெண்கள் முதலில் செய்த காரியம், கம்பிக்குக் கம்பி புடவையைக் கட்டி ஒரு மறைப்பு உண்டாக்கியது. மூன்று பக்கம் புடவை, ஒரு பக்கம் டிரங்குப் பெட்டி. காற்றடித்தால் அறை பறக்கும். மழை வந்தால் அறையைக் கழற்றி மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு கப்பல் மூழ்கினால் அந்த அறை எங்கே கிடக்கும்? பருத்திப் புடவை எத்தனை நாள் தாங்கும்? ஜேக்கும் எல்வுட்டும் எந்தக் கிணற்றின் வழியாக அதற்குள் போவார்கள்?

இங்கே என்னையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. பாட்டியின் புடவையைத் திலாவாவின் தளத்தில் கொண்டுபோய்க் கட்டுகிறேனே, கேமரூன் செய்ததும் இதுதானே? அவர் நடிகர்களை இறக்கினார், நான் பாட்டியை இறக்குகிறேன். நான் கேலி செய்த கவிஞர்களின் பாட்டிக்கும் இந்தப் பாட்டிக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வித்தியாசம் இருப்பதாக நினைக்கிறேன். கேமரூனுக்கு அறை இருந்தது. பொருள் கண்முன் இருந்தபோது அதை நம்பாமல் ஆவியைக் கூப்பிட்டார். அது அதிகப்படி. திலாவாவின் தளத்தில் பார்ப்பதற்குப் பொருளே இல்லை. அங்கே கவிஞன் போனால் அதிகப்படியாக ஒன்றைச் சேர்ப்பதில்லை. எந்த இயந்திரமும் போக முடியாத இடத்துக்குப் போகிறான். ஆனால் போகும்போது நிபந்தனை ஒன்று உண்டு. பட்டியல் எழுதத் தெரிந்தவனாகப் போக வேண்டும். ரஜூலாவில் கட்டிய புடவை ரஜூலாவில்தான் கட்டியது என்று சொல்ல வேண்டும். அதைத் திலாவாவின் புடவை என்று சொல்லக் கூடாது. இந்த அளவு நேர்மை இருந்தால் பாட்டி வரலாம்.

டைட்டானிக்கின் அறைகளுக்கும் நாள் குறைந்துகொண்டிருக்கிறது. 2019-ல் இறங்கியவர்கள், காப்டனின் குளியல்தொட்டி இருந்த பக்கம் இடிந்து சரிந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். 2023 ஜூனில் பார்க்கப் போன ஒரு கலம் நொறுங்கி ஐந்து பேர் இறந்தார்கள். இனி உள்ளே போகிறவர்கள் குறைவார்கள். கடிகாரத்தையும் ஓடுகளையும் பார்த்தாயிற்று, எழுதியாயிற்று. அவை போனாலும் பட்டியல் இருக்கும். பட்டியலில் ஒரு முறைகூட ஏறாதவைதான் நம் வசம் இருக்கின்றன. இது பெருமைப்படுகிற விஷயமல்ல.

நண்பர் மோட்டார் ஷெட்டைப் பற்றி இன்னும் எழுதவில்லை. காலண்டரில் எந்த மாசம் என்று தெரியாமல் எழுத மாட்டாராம். ஊரில் அந்த உரக்கடைக்காரரின் மகன் இருக்கிறார், அவரைக் கேட்கப் போகிறேன் என்றார். அந்த மாசம் தெரியாமலே போகலாம். ஆனால் அவருடைய முதல் கவிதையை எழுதும்போது அவருக்குத் தெரியாதது என்று எதுவும் இருக்கவில்லை.